காலுக்கு ஒன்பது கோடு

ஐம்பது மீட்டர் என்று சொல்லியாகிவிட்டது. சொன்னவர் ரேஞ்சர் தேவசகாயம். அவர் ஒரு தடவை சொல்லிவிட்டால் அது கல்லில் வெட்டிய எழுத்து. யானையே வந்து ஐயா நான் அங்கே நிற்கவில்லை என்றாலும், போய் ஐம்பதில் நில் என்று அதட்டி அனுப்புகிற ஆள். வனத்துறையின் கால்நடை டாக்டர் பூங்கோதை பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் அது அவர் பாடு. வெட்டிப்போட்ட சவுக்கு மரத்துண்டின் மேல் மயக்க ஊசித் துப்பாக்கியைச் சாய்த்து, ஒரு முழங்காலைத் தேயிலைச் சேற்றில் ஊன்றி, வலது கண்ணை ஸ்கோப்பில் வைத்திருந்தாள். விடிந்து இவ்வளவு நேரமாகியும் மூடுபனி எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தது. தூரம் அளக்கிற லேசர் கருவி, அரசாங்கம் அத்தனை பெருமையாக வாங்கிக் கொடுத்தது, பனியைத் தொட்டுவிட்டு ஒரு தரம் பன்னிரண்டு என்றது, ஒரு தரம் எழுபது என்றது, பிறகு ஒன்றுமே சொல்லாமல் மூடிக்கொண்டது. அதைப் பக்கத்தில் குந்தியிருந்த மாதனின் மடியில் போட்டுவிட்டாள். மாதன் வேட்டைத் தடுப்புக் காவலன், இந்த மலையிலேயே பிறந்தவன், தேவையில்லாமல் வாய் திறக்காதவன். கண்ணாடிக்குள் இப்போது ஒரு கால். இடது முன்னங்கால், அசையாமல், சேறு பூசிய நகங்களோடு. காலுக்கு மேலே, இடிந்த சமையலறையின் கூரைத் தகடு ஒன்று உத்தரத்தில் மாட்டித் தொங்கி மார்பையும் வயிற்றையும் மறைத்தது. தகட்டுக்கு மேலே நெற்றி, பாதிக் காது, அப்புறம் பனி. கொம்பு இல்லை. கொம்பில்லாத ஆண் யானைக்கு மக்னா என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே இந்த எஸ்டேட்டில் அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். முந்தாநாள் அது இதே தொழிலாளர் லைன் வீட்டின் பின்சுவரை இடித்து அரிசி மூட்டைக்குத் துதிக்கையை நீட்டியது. விரட்டப் போன வீட்டுக்காரன் கதிர்காமன் திரும்பி வரவில்லை. ரோட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் ஜனம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. யானை லாரியில் ஏறாமல் வனத்துறை ஜீப் ஒன்றுகூட மலை இறங்காது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னதைச் செய்யக்கூடியவர்கள்தான், ஜீப் சக்கரங்களில் ஏற்கெனவே காற்றில்லை.

கணக்கு என்னவோ பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற கணக்குத்தான். ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கம்பியில் சின்னச் சின்னக் கோடுகள். ஒரு மீட்டர் உயரமுள்ள பொருள் ஆயிரம் மீட்டர் தள்ளி நின்றால் ஒரு கோட்டு இடைவெளியை அடைக்கும், ஐநூறில் நின்றால் இரண்டை அடைக்கும், கிட்டே வர வர அடைசல் கூடும். ஆகவே பொருளின் அளவை மில்லிமீட்டரில் எடுத்து அது அடைத்த கோடுகளால் வகுத்தால் தூரம் மீட்டரில் வந்து நிற்கும். பொருளின் அளவு தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காட்டு யானையிடம் போய் நில்லப்பா, நூல் பிடிக்கிறேன் என்றா சொல்ல முடியும்? அதற்கும் காட்டில் வழி வைத்திருக்கிறார்கள். முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரட்டித்தால் யானையின் தோள் உயரம், அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம், அடி பிசகாது. காலையில் ஓடைக்கரைச் சேற்றில் மாதன் கயிறு வைத்து அளந்தான்: நாலரை அடி. ஆகவே ஒன்பது அடி யானை, ஆண், நம் ஆள்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். சுற்றளவு நாலரை அடி என்றால் பாதத்தின் அகலம் நாற்பத்து நாலு சென்டிமீட்டர். கண்ணாடிக்குள் அந்தப் பாதம் ஒன்பது கோட்டை அடைக்கிறது. நானூற்று நாற்பதை ஒன்பதால் வகுத்தால் நாற்பத்தொன்பது சொச்சம். தேவசகாயத்தின் ஐம்பது. மனுஷன் சும்மா கண்ணை இடுக்கிப் பார்த்துச் சொன்னது சரியாக வந்துவிட்டதே என்று அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது, அதை மறைக்க அவள் முயலவுமில்லை. துப்பாக்கியின் காற்றழுத்தத் திருகை ஐம்பதுக்கான குறிக்குக் கொண்டுபோய் வைத்தாள். ஊசி ஏற்கெனவே குழலுக்குள் இருக்கிறது, ஒன்பதடி ஆணுக்கு ஏற்றிய மருந்தோடு. விசையை அழுத்த வேண்டியதுதான் பாக்கி, தகடு கொஞ்சம் விலகித் தோள் தெரிந்தால் போதும்.

ஆனால் எல்லாம் இத்தனை சுலபமாக ஒத்துப்போனால் அவளுக்கு இன்னொரு தரம் சரிபார்க்கத் தோன்றும், அது அவளுடைய சுபாவம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஜாதகம் பத்துக்குப் பத்து என்று அம்மா சிரித்தபோதும் இப்படித்தான் தோன்றியது. சரியாக இருக்கிறதே, இன்னும் என்ன? இன்னும் என்னவென்றால், ஊசி. கிட்டத்தில் நிற்பதைத் தள்ளி நிற்பதாக நினைத்து அழுத்தத்தை ஏற்றிவிட்டால் ஊசி சதையோடு நிற்காது, விலாவுக்குள் போய்விடும், வயிற்றுக்குள் போய்விடும். தள்ளி நிற்பதைக் கிட்டத்தில் என்று நினைத்தால் முன்னாலே தரையில் விழும், யானை திரும்பும், பிறகு ஒன்பதடி மிருகத்துக்கும் தனக்கும் நடுவில் சில தேயிலைச் செடிகளும் ஒரு ரேஞ்சரும்தான். ரேஞ்சர் நிற்க மாட்டார், செடியாவது நிற்கும். நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரித்தால் கண்ணாடி ஆடும் என்று உதட்டைக் கடித்தாள். பயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய், முழங்காலுக்குக் கீழே கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் வளர்ந்தவளுக்கு இந்த மலை என்றைக்கும் தூரத்தைச் சரியாகக் காட்டியதில்லை. கரிசலில் மத்தியானம் பஸ் வருகிறது தெரியும், இதோ வந்துவிட்டது என்று கை காட்டி நிற்பார்கள், அது வந்து சேர்வதற்குள் பாதி ஊர்க்கதை பேசி முடித்துவிடலாம். இங்கே நேர்மாறு, பனிக்குள் எங்கோ இருப்பதாகத் தோன்றுகிற மரம் இரண்டெட்டு வைத்தால் நெற்றியில் முட்டுகிறது. பனி எல்லாவற்றையும் தள்ளி நிறுத்திக் காட்டும். தள்ளி நிறுத்தும். தேவசகாயம் கண்ணால் பார்த்துச் சொன்னாரே, கண்ணுக்குப் பனியில் எல்லாமே தள்ளித்தான் தெரியும், அப்படியென்றால் அவருடைய ஐம்பது எப்படிச் சரியாக இருக்க முடியும்? தப்பாகச் சொல்கிற ஆள் சரியாகச் சொல்லிவிட்டால், அவரைச் சரியாக்கிய கணக்கில் அல்லவா கோளாறு. எண்ணம் அங்கேயே முள்ளில் சேலை மாட்டியது மாதிரி நின்றுவிட்டது. இழுத்தால் கிழியும், விட்டால் நகராது.

கண்ணைக் காலிலிருந்து எடுத்தாள். எடுத்தது நல்லதாகப் போயிற்று. காலுக்கு ஒரு முழம் பக்கத்தில், இடிந்த அடுப்பங்கரையின் செங்கல் குவியலை ஒட்டி, ஒரு கேஸ் சிலிண்டர் நின்றுகொண்டிருந்தது. சுவர் போய், கூரை போய், சட்டி பானை நசுங்கி, அது மட்டும் ஒன்றும் நடக்காதது போல நெட்டுக்குத்தலாக நின்றது. அதன் உயரம் பூங்கோதைக்குத் தெரியும். உலகத்தில் வேறு எதன் உயரம் மறந்தாலும் அது மறக்காது. கோவில்பட்டியில் வீடு கட்டினபோது சமையல் மேடைக்கு அடியில் சிலிண்டர் வைக்க அலமாரி வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். அளந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னாள். அவள் புருஷன் அருணகிரிக்கு அளப்பது என்றால் கௌரவக் குறைச்சல். கூட்டுறவு வங்கியில் உட்கார்ந்து ஊரார் காசையெல்லாம் எண்ணுகிறவர், வீட்டில் எல்லாம் கைச்சாண் கணக்கு. ரெண்டடி போதும், போடுங்க ஆசாரி என்றார். ஆசாரி போட்டார். கிரகப்பிரவேசத்தன்று சிலிண்டர் உள்ளே போகவில்லை, ஒரு சுண்டுவிரல் கனம் இடித்தது. சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், சிலிண்டரையே குறை சொன்னார், கம்பெனிக்காரன் உயரமாகச் செய்துவிட்டான் என்று. அவள் பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து டேப்பைப் பிடித்து எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தாள்: அறுபத்திரண்டு சென்டிமீட்டர். மாமியார் அன்றைக்கு முகத்தைத் திருப்பினவர்தான். இன்றுவரை அந்தச் சிலிண்டர் அழைக்காமல் வந்த உறவுக்காரன் மாதிரி மேடைக்கு வெளியே நிற்கிறது, மேலே ஒரு பூப்போட்ட துணி. அருணகிரி கெட்டவர் இல்லை, வாரத்துக்கு ஒருமுறை வந்து போ, ஒரு ராத்திரி பஸ்தானே என்பார். அதுவும் கைச்சாண் கணக்குத்தான், அந்த ஒரு ராத்திரியை அவர் பஸ்ஸில் உட்கார்ந்து அளந்ததே இல்லை. சரி, அது கிடக்கட்டும். அறுபத்திரண்டு. கோடுகளைச் சிலிண்டரின் அடியில் வைத்து மேலே போனாள். பதினைந்தரை.

அறுநூற்றிருபதைப் பதினைந்தரையால் வகுத்தால் நாற்பது. நாற்பது மீட்டர். இது என்ன கூத்து. மறுபடி எண்ணினாள், மூச்சை நிறுத்திக்கொண்டு எண்ணினாள், பதினைந்தரைதான். காலுக்குப் போனாள், ஒன்பதுதான். ஒரே இடத்தில் ஒட்டி நிற்கிற இரண்டு சாட்சிகள், ஒன்று நாற்பது என்கிறது, இன்னொன்று நாற்பத்தொன்பது என்கிறது, இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. சிலிண்டர் சாய்ந்திருக்குமோ? சாய்ந்தால் குட்டையாகத் தெரியும், குட்டையாகத் தெரிவது தூரத்தைக் கூட்டித்தான் காட்டும், அப்படியானால் உண்மையில் நாற்பதுக்கும் கிட்டே. அது ரேஞ்சருக்கு உதவாது. சின்னச் சிலிண்டரோ? அதுவும் உதவாது, இன்னும் கிட்டே இழுக்கும். பெரிய சிலிண்டராக இருந்தால்? டீக்கடைகளில் வைப்பார்களே, இடுப்புயரத்துக்குக் கிட்ட வருமே, எண்பது சென்டிமீட்டர் இருக்கும். அதைப் பதினைந்தரையால் வகுத்தால் ஐம்பத்தொன்று. அட. ஐம்பத்தொன்று. அப்படியென்றால் எல்லாம் சரி, கால் சரி, ரேஞ்சர் சரி, பூங்கோதை ஒருத்திதான் வீண் பிடிவாதக்காரி. டீக்கடைச் சிலிண்டர் நீலமாக இருக்கும், வீட்டுச் சிலிண்டர் சிவப்பு. இது என்ன நிறம்? பனிக்குள் அது ஈயப் பாத்திரத்தின் நிறமாக இருந்தது. கதிர்காமன் வீட்டில் பலகாரம் போட்டு விற்றிருப்பார்களோ, லைன் வீடுகளில் அப்படிச் செய்கிறவர்கள் உண்டே. கண்ணை எடுக்காமல் மெல்லக் கேட்டாள்.

"சார், அந்த வீட்ல இருந்தது வீட்டு சிலிண்டரா, கடை சிலிண்டரா?"

"என்னது?" தேவசகாயம் பைனாகுலரை இறக்கினார். "டாக்டர், யானை நிக்குது அங்க. நீங்க கேஸ் ஏஜென்சி நடத்துறீங்களா?"

"கேட்டுச் சொல்லுங்க சார். அந்தம்மா ரோட்டுலதானே உக்காந்திருக்காங்க."

"புருசன் செத்து மூணு நாள் ஆகல. அவங்ககிட்டப் போயி சிலிண்டர் என்ன சைசுன்னு கேக்கச் சொல்றீங்களா?"

"ஆமா சார்."

அவர் முணுமுணுத்தது மலையாளமா தமிழா என்று தெரியவில்லை, குமரி மாவட்டத்துக்காரருக்குக் கோபம் வந்தால் இரண்டும் கலந்துவிடும். ஆனாலும் வாக்கிடாக்கியில் கேட்டார். கேட்கும்போது வார்த்தைகளைக் கூசிக் கூசி எடுத்து வைத்தார், அந்தக் கூச்சத்துக்காக அவளுக்கு அவர் மேல் ஒரு நிமிஷம் பிரியம்கூட வந்தது. பதில் கரகரத்துக்கொண்டு வந்தது. வீட்டுச் சிலிண்டர். அரசாங்கம் எல்லோருக்கும் கொடுத்தது. சிவப்பு.

சிவப்பு. சிலிண்டர் பொய் சொல்லவில்லை. அப்போது கால்தான் பொய். நாற்பது மீட்டரில் ஒன்பது கோட்டை அடைக்கிற பாதம் முப்பத்தாறு சென்டிமீட்டர் அகலம், நாற்பத்து நாலு இல்லை. அவள் கணக்கை முன்னுக்கு ஓட்டிக் கொண்டுபோனாள், அது அவளை இழுத்துக்கொண்டு ஓடியது என்றும் சொல்லலாம். அகலத்திலிருந்து சுற்றளவு, சுற்றளவை இரட்டித்து உயரம்: ஏழரை அடி. ஒன்பதடி எங்கே, ஏழரை எங்கே. மாதன் சரியாகத்தான் அளந்தான், ஓடைக்கரையில் கிடந்தது அந்த மக்னாவின் தடம்தான், ஆனால் இங்கே நிற்பது அவன் இல்லை. கொம்பில்லாத யானை என்றவுடன் எல்லோருக்கும் ஒரே யானைதான் கண்ணுக்குத் தெரிகிறது. பெண் யானைக்கும் கொம்பு கிடையாது என்பது சின்னப் பிள்ளைக்குத் தெரியும், பயந்தவர்களுக்கு மறந்துவிடும். அவளுக்கும்தான் மறந்தது, இத்தனை படிப்புக்குப் பிறகும். கண்ணால் கண்டதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள். ஒன்பதடி ஆணுக்கான மருந்து ஏழரை அடிப் பெண்ணுக்குள் போனால் நின்ற இடத்தில் மடிவாள், மார்பு அடியில் போக விழுவாள், தன் பாரமே தன் மூச்சை அமுக்கும். எழுப்புகிற மருந்து கொடுப்பதற்குள் முடிந்துவிடும். விசையிலிருந்த விரல் வேர்த்தது, இந்தக் குளிரில். இன்னும் கொஞ்சம் முன்னாலே தகடு விலகியிருந்தால்? அந்த நினைப்பைத் தொடக்கூட முடியவில்லை, தொட்டால் சுட்டது, ஆனாலும் மனசு திரும்பத் திரும்ப அங்கேயே போய்த் தொட்டது. விசையிலிருந்து விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அந்த யானை முதுகை உத்தரத்தில் தேய்த்தது. தகடு கிறீச்சிட்டுச் சரிந்து செங்கல் மேல் விழுந்தது. மறைப்பு போயிற்று. முன்னங்கால்களுக்கு நடுவில் இரண்டு முலைகள், பால் கட்டிப் புடைத்துத் தொங்கின. மாதன் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. "குட்டி போட்டதும்மா," என்றான், "குட்டி பக்கத்துலதான் இருக்கும்." பனிக்குள் எங்கே என்று மூவருக்கும் தெரியவில்லை. பூங்கோதைக்கு வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். நாற்பது என்று கணக்கு சொன்னபோதே அவள் முடிவு செய்துவிட்டாள், இந்தச் சாட்சி வந்து தன் பக்கம் நின்று தன்னைக் காப்பாற்றத் தேவையில்லை என்று இருந்தது. தேவசகாயம் பைனாகுலரில் வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, அவள் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். பக்கத்தில் வந்து, சேற்றிலேயே, காக்கி பேண்ட்டோடு உட்கார்ந்தார்.

"டாக்டர்," என்றார் மெதுவாக. "ஆர்டர்ல கொம்பில்லாத யானைன்னுதான் போட்டிருக்கு. ஆணா பொண்ணான்னு போடல."

"இவளுக்கு இந்த மருந்து தாங்காது சார்."

"கொறச்சு ஏத்துங்க. பெட்டியில வேற ஊசி இருக்குல்ல."

இருக்கிறது. அதுதான் சங்கடம். ஏழரை அடிக்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும், தூரம் தெரியும், அழுத்தம் தெரியும், ஊசியை மாற்றித் தோளில் பூ வைத்தாற்போல வைத்துவிட முடியும். கணக்கின் பின்னால் ஒளிந்துகொள்ள இனிமேல் இடமில்லை.

"மேல இருந்து ஃபோன் மேல ஃபோன்," என்றார் அவர். "அங்க உக்காந்திருக்கவங்களுக்கு வேண்டியது ஒரு யானை. லாரியில ஏறுறதப் பாத்தா எந்திரிச்சுப் போயிருவாங்க. இல்லன்னா நம்மள இங்கயே வச்சு ஜீப்போட கொளுத்திருவாங்க. எனக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்க டாக்டர். ரெண்டு மாசம் கழிச்சுக் காட்டுல விட்டுக்கலாம். யாரு கேக்கப் போறா?"

அவர் கெட்டவர் இல்லை. அருணகிரி கெட்டவர் இல்லை, இவர் கெட்டவர் இல்லை, உலகத்தில் யார்தான் கெட்டவர், எல்லோரும் ஒரு சாண் முன்னே பின்னே போட்டுச் சரிக்கட்டுகிறவர்கள். பள்ளிக்கூட நாளில் ஹாஸ்டலில் ஒரு சாயங்காலம் பிரார்த்தனைக் கூடத்துக் கண்ணாடி உடைந்தது. எவளோ கல் எறிந்துவிட்டு ஓடிவிட்டாள். வார்டன் கதவைத் திறந்துகொண்டு வந்து, கிட்டத்தில் நின்ற பெண்ணின் கையைப் பிடித்தார். கிட்டத்தில் நின்றது பூங்கோதை. நான் இல்லை மிஸ் என்றாள். நீ இல்லையென்றால் வேறு எவளோ, ஒருத்தியை அடித்தால்தான் மற்றவளுக்குப் புத்தி வரும் என்று சொல்லி, சொன்னபடியே அடித்தார். வலித்தது மறந்துவிட்டது. ஒருத்தி என்று சொன்னது மறக்கவில்லை, பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், எண்ணிக்கைக்கு ஒருத்தி. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறேன் என்று வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள், சாப்பாட்டு மணி அடித்தது, படிப்பு மணி அடித்தது, அவள் கேட்கவில்லை. வாயில் எச்சில் வற்றி, கால் வீங்கி, இப்போது போலத்தான் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாமல், கேட்கவில்லை. கடைசியில் வார்டனுக்கே தூக்கம் வந்து உள்ளே போ என்றார். யானையும் அப்படித்தான் நிற்கிறது, கிட்டத்தில் நின்றதைத் தவிர ஒரு குற்றமும் செய்யாமல், சிந்திக் கிடக்கிற அரிசியைத் துதிக்கையால் கூட்டிக் கூட்டி. பால் கொடுக்கிறவளுக்குப் பசி அதிகம். இவளை மயக்கி, பழக்கிய கும்கி யானைகளை விட்டு முட்டித் தள்ளி லாரியில் ஏற்றலாம். ஜனம் கை தட்டும். பேப்பரில் படம் வரும். குட்டி பனிக்குள் நின்று கத்தும், இரண்டு நாள் கத்தும், அப்புறம் கத்தாது. கதிர்காமனைக் கொன்றவனோ எங்கோ ஒரு சரிவில் சாவகாசமாக மூங்கிலை முறித்துத் தின்றுகொண்டிருப்பான். ஆபத்து போய்விட்டது என்று நம்பி ஜனம் கதவைத் திறந்து போட்டுத் தூங்கும். அன்றைக்கு அவன் வருவான். இதை எப்படி அவருக்குச் சொல்வது, சொன்னால் புரியாதா என்ன, புரியும், புரிந்துதான் சேற்றில் உட்கார்ந்திருக்கிறார்.

"முடியாது சார்," என்றாள்.

"முடியாதா, மாட்டீங்களா?"

"மாட்டேன்."

சொன்னதும் உடம்பெல்லாம் லேசாயிற்று. பயம் போய்விடவில்லை, அது பாட்டுக்கு ஒரு ஓரமாக இருந்தது, ஆனால் இனிமேல் அதற்கு இங்கே வேலை இல்லை. இன்னும் கெஞ்சுவார், அதற்குள் கை பலவீனப்பட்டுவிடக்கூடாது என்று நினைத்து, குழலைத் திறந்து ஊசியை எடுத்து மாதனிடம் கொடுத்தாள். பிறகு திருகை முழுக்கத் திறந்தாள். அடைத்து வைத்திருந்த காற்று குக்கர் விசில் போல நீளமாகச் சீறிக்கொண்டு வெளியேறியது, வளைவுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். அந்த யானை காதுகளை விரித்தது. துதிக்கையைத் தூக்கி அவர்கள் பக்கம் மோப்பம் பிடித்தது. ஒரு கணம் அது முன்னால் வரும் என்றுதான் பூங்கோதை நினைத்தாள், வந்தால் வரட்டும் என்றும் நினைத்தாள், எழுந்து ஓடுகிற நிலையில் காலும் இல்லை. அது வரவில்லை. திரும்பி, தொண்டைக்குள் ஏதோ உறுமிக்கொண்டு, தேயிலைச் சரிவில் இறங்கிப் பனிக்குள் போயிற்று. கீழேயிருந்து கீச்சென்று ஒரு சின்னக் குரல் பதில் சொன்னது.

"நீங்க மறுத்தீங்கன்னு ரிப்போர்ட்ல எழுத வேண்டியிருக்கும்," என்றார் தேவசகாயம். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான்.

"எழுதுங்க சார். தூரம் நாப்பது மீட்டர்னும் சேத்து எழுதுங்க."

மரத்துப்போன காலை உதறி எழுந்து, வெறும் துப்பாக்கியை மாதனிடம் கொடுத்துவிட்டு வளைவை நோக்கி நடந்தாள். தேவசகாயம் பின்னாலிருந்து டாக்டர், டாக்டர் என்றார், நான் போய்ப் பேசிக்கொள்கிறேன் நில்லுங்கள் என்றார். அவர் என்ன பேசுவார் என்று அவளுக்குத் தெரியும். விசாரணை நடக்கிறது, மேலதிகாரிகள் வருகிறார்கள், ஒத்துழைப்புத் தாருங்கள். அதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் இவர்கள் ரோட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முன்வரிசையில் புஸ்பராணி இருந்தாள், கதிர்காமனின் மனைவி. கொழுந்து பறிக்கிற கை, விரல் நுனிகள் கறுத்திருந்தன. அழுது முடித்த முகம். கூட்டம் எழுந்து நின்றது, அவள் மட்டும் எழவில்லை.

"சீறுன சத்தம் கேட்டுச்சே. சுட்டாச்சா?" என்றாள்.

"இல்லக்கா. காத்தத் தொறந்து விட்டேன். அது அவன் இல்ல. பொட்ட யானை, பால் குடுக்கறது. விட்டுட்டேன்."

"யானைன்னா யானைதானே," என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அவன் கையில் கல் இருந்தது. இன்னும் சிலர் கையிலும் இருந்தது, அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள். எறிகிற தூரம்தான், இதற்குக் கோடு எண்ண வேண்டியதில்லை. எறிந்தால் எறியட்டும், ஓட மாட்டேன், மன்னிப்பும் கேட்க மாட்டேன். நான் செய்தது சரி.

புஸ்பராணி திரும்பிப் பார்த்தாள், கத்தியவன் அடங்கினான். அப்புறம் பூங்கோதையை நிமிர்ந்து பார்த்து, சண்டைக்கு இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டி, கேட்டாள்.

"அப்ப அவன் எங்க?"

"தெரியலக்கா."

கூட்டம் அப்படியே நின்றது. இதுவரை வந்த எவரும் தெரியாது என்று சொன்னதில்லை போலிருக்கிறது.

"அவன் கெடைக்கிற வரைக்கும் நான் கீழ எறங்க மாட்டேன்," என்றாள் பூங்கோதை. "கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் வேணாம். லைன்லயே படுத்துக்கிறேன். அவன் வந்தா மொதல்ல எங்கிட்ட வரட்டும்."

"எங்க வீட்டுக்கு ஒரு பக்கம் செவரு இல்ல, டாக்டரம்மா."

"பாத்தேன்க்கா. அங்கதான் படுக்கப் போறேன்."